புத்தகத்தில் இல்லாத இரண்டு வரிகள்

எனக்கு வாய் நீளம். எங்கள் குடும்பத்துக்கே அப்படித்தான். என் அம்மா ஜெருசலேமில் மஹனே யெஹூதா சந்தையில் ஊறுகாய்க் கடை வைத்திருந்தவள். நாலு கடை தள்ளி நிற்கிறவனைத் திட்டினாலும் அவன் காதில் தெளிவாக விழும். அந்த வாயோடுதான் நான் டீச்சர் வேலைக்குப் போனேன். முதல் வகுப்பு, இருபத்தாறு பிள்ளைகள். ஹீப்ரு எழுத்தைக் காட்டிக் கொடுப்பது, எழுத்துக்கு அடியில் இருக்கும் புள்ளியைப் பார்த்து ஒலியைச் சேர்க்கச் சொல்லித் தருவது, கண் விழித்ததும் சொல்லும் நன்றியிலிருந்து ரொட்டியைப் பிட்கும் முன் சொல்லும் ஆசீர்வாதம் வரை எல்லாவற்றையும் பழக்குவது, இதுதான் வேலை. இது எனக்குக் கைவந்த கலை என்று நினைத்திருந்தேன். இரண்டாம் வருடம் அந்த நினைப்பில் மண் விழுந்தது. இப்போது சொல்லும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

எங்கள் பள்ளியில் டிசம்பர் வாக்கில் வரும் ஹனுக்கா விளக்குப் பண்டிகை சமயத்தில் முதல் வகுப்புக்கு ஜெபப் புத்தக விழா நடக்கும். அதுவரை அட்டையில் எழுத்துப் படித்த பிள்ளை அன்றைக்குத்தான் தனக்கே தனக்கென்று ஒரு ஜெபப் புத்தகத்தைக் கையில் வாங்கும். அம்மாக்கள் அதற்குத் துணி உறை தைத்து, பிள்ளையின் பெயரை வண்ண நூலில் போட்டுத் தருவார்கள். ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்கு வந்து, புத்தகத்தை முத்தமிட்டுத் திறந்து, காலைத் துதிப்பாட்டில் தன் பங்குக்கு இரண்டு வரி வாசிக்க வேண்டும். அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா என்று தெருவே வந்து உட்கார்ந்திருக்கும். பிள்ளை தடுமாறினால் பிள்ளையை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். டீச்சரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் எனக்குக் கவலையே இல்லை. என்னிடம் எல்கானா இருந்தான். அவன் அப்பா ரகமீம் எங்கள் தெரு ஜெப ஆலயத்தில் முன்னால் நின்று பாடி ஜெபம் நடத்துகிறவர். அவர் குரலைக் கேட்கவே பக்கத்துத் தெருக்காரர்கள் வருவார்கள். பையன் அப்படியே அப்பாவை உரித்து வைத்திருந்தான். எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும், "இது சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றது", "இது தூங்கப் போறப்ப சொல்றது" என்று நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மடமடவென்று வாசித்துவிடுவான். தலைமை ஆசிரியை ஷிஃப்ரா வகுப்புக்கு வந்தால் அவனைத்தான் எழுப்பி விடுவேன். "ப்ரூரியா, இந்தப் பையனுக்கு என்னம்மா போட்டு வளக்கற?" என்று அவர் கேட்டபோது, ஏதோ நானே பெற்றவள் மாதிரி சிரித்துக்கொண்டேன்.

மறுபக்கம் ரைசா இருந்தாள். சோவியத் நாட்டு ரிகாவிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு ஜெபமும் தெரியாது, அந்த ஊரில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அவள் அம்மா ஃபீரா அங்கே பாலம் கட்டும் இன்ஜினியராக இருந்தவள், இங்கே ஒரு மருந்துக் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ரைசா வாசிப்பதை நின்று கேட்கப் பொறுமை வேண்டும். எழுத்துக்கு அடியில் விரலை வைப்பாள், புள்ளியைப் பார்ப்பாள், வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள், அப்புறம்தான் வெளியே விடுவாள். தப்பு வராது, ஆனால் ஒரு வரி முடிவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

"ரைசா, அந்த வார்த்தை இன்னிக்கு வெளிய வருமா, இல்ல நாங்க வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வரட்டுமா?" என்பேன். வகுப்பே சிரிக்கும். பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது எனக்குப் பிடிக்கும். ரைசா மட்டும் சிரிக்காமல் அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்துவாள். கொஞ்ச நாளில் எல்கானாவை அவள் பக்கத்தில் உட்கார வைத்து, "இவன் எப்படி வாசிக்கிறான்னு பாத்துக் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

விழாவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது புத்தகங்கள் வந்தன. அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவான் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தார்.

"ஐரோப்பாக்காரங்க முறைல அச்சடிச்சது ப்ரூரியா, நம்ம முறை இல்ல. பரவாயில்லையா?" என்று ஷிஃப்ரா கேட்டார்.

"எல்லாம் ஒரே ஜெபந்தானே, கடவுளுக்குத் தெரியாதா?" என்றேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் குர்திஸ்தான் ஆட்களும், பாக்தாத் ஆட்களும், அலெப்போ ஆட்களும் சொல்லும் ஜெபத்துக்கும் அவர்கள் ஜெபத்துக்கும் அங்கங்கே வித்தியாசம் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. சோம்பல்தான்.

அன்றைக்கே ஒத்திகை. ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுத்துத் துதிப்பாட்டுப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். எல்கானா எழுந்து முழுப் பாட்டையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தான். மற்ற பிள்ளைகளின் உதடுகளும் கூடவே அசைந்தன. சனிக்கிழமை தோறும் அப்பா மடியில் உட்கார்ந்து கேட்ட பாட்டல்லவா! என் உதடுகளும் அசைந்தன. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வரும்போல் இருந்தது, கொடியில் துணி காய்ந்துகொண்டிருப்பது ஞாபகத்துக்கு வந்தது.

ரைசா கையைத் தூக்கினாள். "டீச்சர், அது இங்க இல்ல."

"எது எங்க இல்ல?"

"எல்கானா வாசிச்சதுல ரெண்டு வரி. நடுவுல. நான் விரல் வச்சுப் பாத்துக்கிட்டே வந்தேன். இல்ல."

"அவ இன்னும் முதல் வரியிலயே நிப்பா டீச்சர்!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பு சிரித்தது.

"ஊர்ல இருக்கிற பச்சக் குழந்தைக்குக்கூட அந்த ரெண்டு வரி தெரியும். உன் கண்ணுக்கு மட்டும் தெரியல. இருக்கும், நல்லாப் பாரு" என்றேன்.

குனிந்து பார்த்தாள். மெதுவாக, மேலிருந்து கீழே. "பாத்துட்டேன் டீச்சர். இல்ல."

அங்கேதான் என் அம்மாவின் வாய் எனக்குள்ளிருந்து கிளம்பியது. "நேத்து எழுத்துக் கத்துக்கிட்டவ, இன்னிக்கு ரகமீம் மகனுக்கே தப்புக் கண்டுபிடிக்கிறியா? எந்திரி. அவன்கிட்ட மன்னிப்புக் கேளு. எல்லாருக்கும் கேக்கணும்."

எழுந்து நின்றாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, காது வரைக்கும் போனது. "மன்னிச்சுக்கோ, எல்கானா."

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "இப்ப சொல்லு. அந்த ரெண்டு வரி இருக்கா, இல்லையா?"

ரைசா புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இருக்கு" என்றாள்.

எல்கானா தலையைத் தூக்கவே இல்லை. எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு குருடி நான்.

மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள், ரைசாவின் புத்தகத்தை மட்டும் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியாது. ஒருமுறை படித்தேன். நாக்கு தன் பாட்டுக்கு அந்த இரண்டு வரியையும் சொல்லிக்கொண்டே போனது. மறுபடி முதலிலிருந்து, ரைசா மாதிரி விரலை வைத்துப் படித்தேன். இல்லை. எங்கள் ஆட்கள் பாடும் அந்த இரண்டு வரி ஐரோப்பாக்காரர்கள் புத்தகத்தில் இல்லவே இல்லை. இருபத்தைந்து பிள்ளைகளுக்கும் எனக்கும் பாட்டு மனப்பாடம், ஆகவே யாரும் பக்கத்தைப் பார்க்கவில்லை. பாட்டுத் தெரியாத ஒரே பிள்ளைதான் பார்த்தது. அந்த அறையில் அன்றைக்கு வாசித்தது அவள் ஒருத்திதான். வாசித்ததற்குத்தான் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தேன். காது மடல் தீயாய் எரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. இல்லாத வரியை எல்கானா எப்படி வாசித்தான்?

அவனைக் கூப்பிட்டேன். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினேன். எந்த ஜெபம் என்று சொல்லவில்லை. அவன் பக்கத்தைப் பார்த்தான், என் வாயைப் பார்த்தான், மறுபடி பக்கத்தைப் பார்த்தான்.

"முதல் வார்த்தைய மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்றான். "மீதிய நான் சொல்லிடுவேன்."

ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டினேன். நாலே எழுத்து. அவன் முதல் எழுத்தைச் சொன்னான், அதுவும் தப்பு. ஆறு எழுத்துக்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதமாக ஊருக்கெல்லாம் காட்டிக் காட்டி மகிழ்ந்த என் மாணவன்!

"அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டான். "நான் நாலு வயசுலயே வாசிச்சேன்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கார்."

"சொல்ல மாட்டேன். ஆனா தினம் இடைவேளைல என்கிட்ட வரணும். எழுத்துலருந்து ஆரம்பிப்போம்."

"ரைசாகிட்ட?"

"ரைசாகிட்ட என்ன?"

"அவ சொன்னது சரின்னு அவகிட்ட சொல்லுவீங்களா?"

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது. "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று அவனை அனுப்பிவிட்டேன்.

அவனுக்குச் சொன்னபடியே எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். வசந்தத்தில் வரும் பஸ்கா பண்டிகைக்கு முன்னால் அவன் தானாகவே ஒரு பக்கத்தை வாசித்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது, அதையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தேன்.

ரைசா விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குச் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. மறுநாள் காலை வகுப்பு முன்னால் நின்று, "ரைசா சொன்னது சரி. அந்த ரெண்டு வரி இந்தப் புக்குல இல்ல. நான் பாக்காமலே பேசிட்டேன். ரைசா, என்னை மன்னிச்சுக்கோ" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எல்கானாவை அதில் இழுக்கவே வேண்டாம். அவன் நம் வீட்டு வழக்கப்படி பாடினான் என்று சொன்னால் யாரும் துருவிக் கேட்கப் போவதில்லை. அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். குறுக்கே நின்றது என் மானம்தான். வாயாடி ப்ரூரியா, ஜெபப் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறாள் என்று இருபத்தாறு வீட்டிலும் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பேச்சாகியிருக்கும்.

திங்கள் காலை சொல்ல வாயெடுத்தேன். ஒரு பெண் மூக்கில் ரத்தம் வந்து நின்றாள். செவ்வாய்க்கிழமை மழை, பாதிப் பேர் வரவில்லை. எல்லோரும் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்று தள்ளிப் போட்டேன். எல்லோரும் வந்த புதன்கிழமை எனக்குத் தலைவலி. அந்த வாரம் ஜெப ஆலயத்தில் படிக்கும் வேதப் பகுதியில், தான் குற்றம் சாட்டிய பெண்ணைப் பார்த்து, ஊர் முன்னால், "அவள்தான் சரி, நான் இல்லை" என்று ஒப்புக்கொள்ளும் ஒரு பெரிய மனிதரின் கதை வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை வேண்டாம் என்று விட்டுவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். நானும் விட்டுவிட்டேன். அந்த வருடம் அந்த வழக்கம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஃபீரா வந்தாள். கையில் நீலத்துணி, நூல்கண்டு. மகள் பெயரை ஹீப்ருவில் எழுதித் தரச் சொன்னாள், அதைப் பார்த்து உறையில் பின்ன வேண்டும். பெரிதாக எழுதிக் கொடுத்தேன். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். நான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

"எனக்கு எழுத்து இல்லை. என் அம்மாவுக்கு இல்லை. ரைசாவுக்கு இருக்கு" என்றாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. "அவள் வாசிக்க, நான் பார்க்க. அது போதும்."

"நல்லா வாசிப்பா" என்றேன்.

"அவள் தப்பு செய்தது. மன்னிப்பு கேட்டது. எனக்குச் சொன்னது." ஃபீரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நன்றி டீச்சர். நல்லது சொல்லிக் கொடுக்க. வீட்டில் நான் திட்டியது, டீச்சரிடம் இல்லை என்று சொல்லாதே."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வகுப்பு இல்லை, ஷிஃப்ரா இல்லை, என்னைப் பார்த்துச் சிரிக்க ஒருவரும் இல்லை. ஒரே ஒரு தாய், அவளுக்குப் பாதி வார்த்தைதான் புரியும். என் கை அவள் கைக்குள் இருந்தது. "அவ சின்னப் பொண்ணு, திட்டாதீங்க" என்று பெருந்தன்மையோடு சொன்னேன். நான், அவளுக்குப் பெருந்தன்மை!

அதன்பின் இடைவேளைகளில் மாடிப்படிக்கு அடியில் எல்கானாவும் ரைசாவும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவன் ஏதோ சொல்ல, அவள் திருப்பிச் சொல்வாள். ராசியாகிவிட்டார்கள், சரி, பிள்ளைகள் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்று பெருமூச்சு விட்டேன். என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கிட்டப் போய்க் கேட்கவில்லை. இனிமேல் எதற்கு அந்தப் பேச்சு என்று தோன்றிவிட்டது. விழா முடியட்டும், அப்புறம் தனியாகக் கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம் என்று அந்தக் கணக்கையும் மூடினேன்.

விழாவன்று கூடத்தில் நிற்க இடமில்லை. ஜாம் டோனட் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்து அடித்தது. முன்வரிசையில் ரகமீம் புதுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் தூணோரம் ஃபீரா, கடை அங்கியைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். எல்கானாவுக்கு ஆரம்ப வரிகளைக் கொடுத்திருந்தேன். வந்தான், புத்தகத்தை முத்தமிட்டான், பாடுவதுபோல் இழுத்து வாசித்தான். அவன் வாசிக்கவில்லை, ஒப்பித்தான் என்பது அந்தக் கூடத்தில் அவனுக்கும் எனக்கும் ரைசாவுக்கும்தான் தெரியும் என்று இப்போது நினைக்கிறேன். ரகமீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கண்ணு! டீச்சரம்மா, உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். ஊரே என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

ரைசாவின் முறை வந்தது. நீல உறை, வெள்ளை நூலில் பெயர். தையல் கோணல் மாணல்தான், எழுத்து ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. புத்தகத்தைத் திறந்தாள், விரலை வைத்தாள். அவளுக்குரிய இரண்டு வரியையும் மெதுவாக, ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்குரிய ஒலியைக் கொடுத்து வாசித்தாள். ஒரு பிசகு இல்லை. கூடம் பொறுமையாகக் கேட்டது. நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன்.

அவள் நகரவில்லை. விரலைப் பக்கத்திலிருந்து எடுத்தாள். தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தாள். எங்கள் ஆட்கள் பாடும் அந்த இரண்டு வரியை, எல்கானாவின் ராகத்தில், கடகடவென்று ஒப்பித்தாள். இரண்டாம் வரிக்குக் கூடமே சேர்ந்து பாடியது.

"பாருங்கய்யா, ரஷ்யாக்காரப் பொண்ணு நம்ம வரியப் பாடுது!" என்று ரகமீம் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள்.

சத்தத்துக்கு நடுவே குனிந்து அவள் காதருகே கேட்டேன். "ரைசா, அந்த ரெண்டு வரி புக்குல இருக்காம்மா?"

"இல்ல டீச்சர்" என்றாள். "நீங்க இருக்குன்னு சொல்லச் சொன்னீங்க."

கோபமில்லை அந்தக் குரலில். வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்துவிட்ட பிள்ளை, சரியா என்று பார்க்கிற பார்வை. ஷிஃப்ரா சிரித்த முகமாக மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்து, "பேசும்மா, உன்னோட வெற்றி இது" என்றார். கூடம் அமைதியானது. அந்த நாலு வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. ரைசா அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரைசா அருமையா வாசிச்சா" என்றேன். "எல்லாரும் இன்னொரு தடவை கை தட்டுங்க."

தூணோரம் நின்ற ஃபீரா, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள்.